பிரைடல் மேக்கப் + கல்யாண ஆல்பம் பேக்கேஜ் ரிவ்யூ (கருப்பா இருக்கற பொண்ணுங்க புக் பண்றதுக்கு முன்னாடி படிச்சிருங்க)

கல்யாணம் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, ஆல்பம் போன வாரம்தான் கைக்கு வந்துச்சு. ரிவ்யூ போடறேன் போடறேன்னு ஃப்ரெண்ட்ஸ்ட்ட சொல்லிட்டே இருந்தேன், இப்ப ஆல்பத்த பாத்த பிறகு எழுதலன்னா தூக்கம் வராது போல, அதான் உக்காந்துட்டேன். கடை பேரு போடல. போட்டா என்னமோ அவங்க ஒருத்தங்கதான் இப்படி பண்றாங்கன்னு ஆயிடும், ஆனா நான் விசாரிச்ச வரைக்கும் எங்க திருநெல்வேலில பாதி கடைல இதே கதைதான், மதுரைல கல்யாணம் ஆன என் சித்தி பொண்ணுக்கும் இதே கதைதான். அதனால இத ஒரு கடைக்கான ரிவ்யூனு எடுத்துக்காதீங்க, இந்த மாதிரி பேக்கேஜ் எல்லாத்துக்குமான ரிவ்யூனு வச்சுக்கோங்க.

மொத்தம் 1,35,000 ரூபா. அதுக்கு ப்ரீ-பிரைடல் மூணு சிட்டிங் (பேஷியல், டீ-டான், வீட்ல போட்டுக்க ஒரு க்ரீம் கிட்), நிச்சயம், ரிசப்ஷன், முகூர்த்தம் மூணுக்கும் மேக்கப், தலை அலங்காரம், சேலை கட்டி விடறது, அப்புறம் ட்ரெடிஷனல் போட்டோ, கேண்டிட், வீடியோ, 40 ஷீட் கரிஷ்மா ஆல்பம் ஒண்ணு, மினி புக் ரெண்டு. பார்லர் நடத்தற அக்காவோட வீட்டுக்காரர்தான் ஸ்டுடியோ வச்சிருக்கார், அதனால ஒரே இடத்துல எல்லாம் முடிஞ்சிரும்னு அம்மாக்கு நிம்மதி.

நல்லத முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நிறைய நல்லதும் இருக்கு. காலைல 6 மணி முகூர்த்தத்துக்கு ராத்திரி ரெண்டரைக்கே மண்டபத்துக்கு வந்துட்டாங்க, ஒரு போன் கூட நாங்க பண்ணல. அந்த அக்கா கட்டி விட்ட கூரைப்புடவை மடிப்பு சாயங்காலம் வரைக்கும் ஒரு இஞ்ச் நகரல. கேண்டிட் எடுக்க வந்த பையன் யாரையும் இப்படி நில்லு அப்படி திரும்புனு படுத்தல, எங்க அப்பா தூணுக்குப் பின்னாடி போய் கண்ண துடைச்சத எங்க யாருக்கும் தெரியாம எடுத்து வச்சிருந்தான், அந்த ஒரு படத்துக்கு அவனுக்கு தனியா காசு குடுக்கலாம். ஆள்கள் பழகற விதத்துக்கும் நேரத்துக்கும் 5க்கு 5.

இனி கலர் விஷயம்.

நான் கருப்பு. மாநிறம் இல்ல, டஸ்கி இல்ல, புதுநிறம் இல்ல, கருப்பு. அப்பா கலர் அப்படியே எனக்கு, அம்மா கலர் தம்பிக்கு, இத சொல்லி வருத்தப்படாத சொந்தக்காரங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் கிடையாது, "இது அப்படியே மாறி பொறந்திருக்கலாம்"னு என் முன்னாடியே சொல்லுவாவ. என்னை யாரும் அசிங்கமா இருக்கேன்னு சொன்னதில்ல, அதையும் சொல்லணும். சொன்னதெல்லாம் "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா". இருபத்தெட்டு வருஷமா இத பாராட்டாத்தான் வாங்கிட்டு வந்தேன். அந்த 'இருந்தாலும்' இருக்கே, அதுக்கு முன்னாடி வர்றது குத்தம், பின்னாடி வர்றது மன்னிப்பு. களையா இருக்கானு மட்டும் சொன்னா வாய்ல இருந்து முத்தா கொட்டிரும்?

எங்க வீட்டு கண்ணாடி அலமாரில ஃபேர் அண்ட் லவ்லி இல்லாத நாள் எனக்கு ஞாபகம் இல்ல. அது 1975ல வந்த க்ரீம், அம்மா ஸ்கூல் படிக்கறப்பயே போட்டவ, அதே கையால எனக்கும் ஆறாங்கிளாஸ்ல இருந்து போட்டு விட்டா. டப்பா கூட ஒரு ஷேடு கார்டு வரும், கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் வரிசையா மூஞ்சி, நான் அத கன்னத்துல வச்சு வச்சு எத்தனாவது மூஞ்சி நான்னு பாப்பேன். ரேங்க் கார்டுல எப்பவும் முதல் அஞ்சுக்குள்ள வர்ற பிள்ளை இந்த கார்டுல மட்டும் கடைசிதான். அந்த கார்டையும் ரெண்டு மூஞ்சி படத்தையும் 2019ல எடுத்துட்டாங்க, 2020ல பேரையே க்ளோ அண்ட் லவ்லினு மாத்திட்டாங்க. அம்மா இன்னும் கடைல ஃபேர் அண்ட் லவ்லினுதான் கேக்கறா, கடைக்காரரும் எடுத்து குடுக்கறார்.

மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சப்ப இன்னொரு வார்த்தை வந்துச்சு, "கலர் கொஞ்சம் கம்மி". ரசத்துல உப்பு கம்மிங்கற மாதிரி, கொஞ்சம் அள்ளிப் போட்டா சரியாயிரும்ங்கற மாதிரி. ரெண்டு இடம் அதுக்காகவே தட்டிப்போச்சு, அதுல ஒரு மாப்பிள்ளை என்னை விட கருப்பு. அந்த ஒன்றரை வருஷம் நான் குரூப் போட்டோல பின்வரிசைக்கு போக ஆரம்பிச்சேன், வீடியோ கால்ல லைட்ட மூஞ்சிக்கு நேரா வச்சேன், மஞ்சள் சுடிதார் ரெண்டு இருந்துச்சு, தங்கச்சி முறை ஒருத்திக்கு குடுத்துட்டேன். இதெல்லாம் அப்ப எனக்கு ஒரு விஷயமாவே தெரியல, பாத்து நடந்துக்கறோம்னு நினைச்சேன்.

அதனால ட்ரையல் அன்னைக்கு பார்லர் அக்கா "உங்களுக்கு ஒரு ரெண்டு ஷேடு தூக்கி குடுத்துரலாம், போட்டோல அப்படியே பளிச்சுனு இருக்கும்"னு சொன்னப்ப நான் சரின்னுதான் சொன்னேன். இத மறைச்சுட்டு ரிவ்யூ எழுதினா அது பொய் ரிவ்யூ. அவங்க என்னை கட்டாயப்படுத்தல, நான் தலையாட்டினேன், கண்ணாடில பாத்துட்டு ஒரு அஞ்சு நிமிஷம் சந்தோஷமாவும் இருந்தேன்.

ஆனா முதல்ல அந்த க்ரீம் கிட்ட பத்தி சொல்லணும், இதுதான் பேக்கேஜ்லயே மோசமான பொருள், இதுக்கு ஸ்டார் போட மைனஸ் இருந்தா போடுவேன். கிட்ல ஒரு ஃபேஸ் வாஷ், ஒரு சீரம், லேபிள் இல்லாத சின்ன வெள்ளை டப்பால ஒரு நைட் க்ரீம். "ராத்திரி மட்டும் போடுங்க, வெயில்ல போகாதீங்க, மூணு வாரத்துல நீங்களே சொல்லுவீங்க." சொன்னேன்தான், மூணு வாரத்துல நிஜமாவே மூஞ்சி வெளுத்துச்சு, ஆபீஸ்ல எல்லாரும் கல்யாண களைனு சொன்னாங்க. அஞ்சாவது வாரம் டப்பா தீர்ந்து ரெண்டு நாள் போடல, அவ்வளவுதான், கன்னம் ரெண்டும் மிளகாய் அரைச்சு பூசின மாதிரி எரிய ஆரம்பிச்சது, செவந்து, பொரிப்பொரியா வந்து, தண்ணி பட்டா கூட எரியுது. கல்யாணத்துக்கு 19 நாள் இருக்கு. பார்லர்ல கேட்டா "ஸ்டாப் பண்ணதுதான் தப்பு, இன்னொரு டப்பா தரேன்"ங்கறாங்க.

ஸ்கின் டாக்டர் பாத்த உடனே கேட்ட முதல் கேள்வி, "என்ன க்ரீம் போட்டீங்க?" லேபிளே இல்லைனு காலி டப்பாவ காட்டினேன், சிரிச்சாங்க, அவங்ககிட்ட வாரத்துக்கு இப்படி எத்தனையோ டப்பா வருதாம். ஸ்டீராய்டு கலந்த க்ரீமாத்தான் இருக்கும்னாங்க. மங்குக்கு டாக்டருங்க எழுதி குடுக்கற ஒரு மூணு மருந்து கலவை இருக்காம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூட ஒரு ஸ்டீராய்டு, அத சில வாரம் மட்டும் பாத்து பாத்து போட சொல்லுவாங்களாம், அத தினமும் பவுடர் மாதிரி பூசிட்டு இருந்தா தோல் மெலிஞ்சு, ரத்தக்குழாய் வெளிய தெரிய ஆரம்பிச்சு, சிலருக்கு மூஞ்சில முடி கூட வருமாம், நிறுத்தினா எனக்கு வந்த மாதிரி பொங்கிரும். பொங்குதேன்னு பயந்து திரும்ப போடுவோம், அப்படியே அதுல மாட்டிக்குவோம். இதுக்கு டாக்டருங்க ஒரு பேரே வச்சிருக்காங்க, டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ். ஸ்டீராய்டு இல்லாம பாதரசம் கலந்த க்ரீமும் வருதுனு சொன்னாங்க, பாதரசம் மெலனின் உண்டாகறத தடுக்கும், அதான் வெளுக்குது, ஆனா தோல் வழியா உள்ள போய் கிட்னில உக்காந்துக்கும். வீட்டுக்கு வந்து தேடினா பக்கத்து கேரளாவே வருது, மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல டாக்டருங்க 2021 ஜூலைல இருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் ஒரு வகை கிட்னி நோயோட வந்த 22 பேர ஆராய்ஞ்சிருக்காங்க, அதுல ஒரு அபூர்வமான டைப் 15 பேருக்கு, அந்த 15ல 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவங்க. நான் அன்னைக்கு ராத்திரி யூரின்ல நுரை வருதானு பாத்துட்டு இருந்தேன், சிரிக்காதீங்க. எனக்கு டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல.

அந்த 19 நாள்ல மூஞ்சி ஓரளவுக்கு ஆறிடுச்சு. மனசுதான் ஆறல. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணாடி பாக்கறேன்னே தெரியாம பாத்துட்டு இருந்தேன், போன் ஸ்க்ரீன் அணைஞ்சா அதுலயும் பாப்பேன், பஸ் ஜன்னல்லயும் பாப்பேன். ஆபீஸ்ல ஃப்ரீயா நாலு செஷன் கவுன்சிலிங் தருவாங்க, யாரும் போக மாட்டாங்க, நான் போனேன். அந்த மேடம் அட்வைஸ் எதுவும் பண்ணல, ஒரு நாள் பூரா கண்ணாடி பாக்கறப்பல்லாம் ஒரு கோடு போட்டு எண்ணிட்டு வாங்கனு மட்டும் சொன்னாங்க. 31. பாத்த அந்த ஒரு நிமிஷம் சமாதானமா இருக்கும், அடுத்த நிமிஷம் சந்தேகம் முன்ன விட பெருசா வரும், பாக்கப் பாக்க அது வளரும்னு அவங்க சொன்னப்ப சொறிசிரங்கு மாதிரியானு கேட்டேன், கிட்டத்தட்டனு சொன்னாங்க. தன் உடம்புல இல்லாத குறைய பெருசா பாத்து வாழ்க்கையே நின்னுபோற பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர்னு ஒரு வியாதி இருக்காம், எனக்கு அது இல்லைனு சொல்லிட்டாங்க. உங்களுக்கு குறைனு ஊரே சேந்து சொல்லிக்குடுத்திருக்கு, நீங்களா கற்பனை பண்ணல, அப்படின்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு செஷன்தான் போக முடிஞ்சது, அதுவே பெருசு.

சரி, மேக்கப். எச்டி மேக்கப்னு போட்டிருந்தாங்க. என் கலருக்கு ஃபவுண்டேஷன் மேக் கம்பெனி ஷேடு நம்பர்ல என்சி 45 பக்கத்துல வரணும் (இத நான் பிறகு சென்னைல ஒரு மால்ல கழுத்துல தடவி பாத்து தெரிஞ்சுகிட்டேன்), அவங்க பெட்டில என் கலருக்கு பக்கத்துல வர்ற ஒண்ணு கூட கிடையாது, இருந்ததுலயே டார்க் ஷேடு எங்க அம்மா கலர். அத என் மேல போட்டா சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சு, நம்ம தோல்ல அடில ஒரு மஞ்சள் இருக்கு, மேல ரோஸ் கலந்த வெளிர் ஷேடு பூசினா அது சாம்பல்தான் காட்டும். மூஞ்சிக்கும் கழுத்துக்கும் ஒட்டாம போகவே கழுத்துக்கு பூசினாங்க, கழுத்துக்கும் தோளுக்கும் ஒட்டல, தோளுக்கு பூசினாங்க, கைல மருதாணி இருக்கறதால அங்க நிப்பாட்டிட்டாங்க. ஆக என் கை மட்டும் நான். ஃப்ளாஷ் அடிச்ச போட்டோல வேற வெள்ளை திட்டா மூஞ்சி அடிக்குது, சன்ஸ்க்ரீன், பவுடர்ல இருக்கற ஜிங்க் ஆக்ஸைடு மாதிரி சமாச்சாரம் ஃப்ளாஷ் வெளிச்சத்த திருப்பி அடிக்கறதால வர்றதாம், மேக்கப் போடறவங்களுக்கு இது அரிச்சுவடி. ஐலைனரும் புருவமும் ரொம்ப நல்லா பண்ணிருந்தாங்க. மேக்கப்புக்கு 5க்கு 2, அந்த ரெண்டும் கண்ணுக்கு.

இப்ப ஆல்பம். பெட்டி, பேட், பேப்பர் எல்லாம் தரம், கிழியாத ஷீட், பிரிண்ட் அருமை. நானும் வீட்டுக்காரரும் அம்மா வீட்டுக்கு கொண்டு போனோம். ஆச்சிக்கு 84 வயசு, ரெண்டு கண்ணும் புரை எடுத்தாச்சு, எங்க எல்லாரையும் விட தெளிவா பாப்பா. மடில வச்சு ஒவ்வொரு ஷீட்டா திருப்பினா. "மாப்பிள்ளை இந்தா இருக்காவ. இது உங்க அப்பன். இது பெரியவன் வீட்டு மைனி. பொண்ணு யாருட்டி?" நாந்தான் ஆச்சின்னேன். "போட்டி, வெளையாடாத." திரும்ப குனிஞ்சு பாத்துட்டு "இது என் அட்டியல்லா, இது எப்படி இவ கழுத்துக்கு போச்சு"ங்கறா. நகைய அடையாளம் தெரியுது, என்னைத் தெரியல. வீடே சிரிச்சது, வீட்டுக்காரர் "நான் தாலி கட்டுனது இந்த பொண்ணுக்கு இல்ல, திருப்பி குடுத்துரலாமா"னு கேட்டார், நானும் சிரிச்சேன். அம்மா மட்டும் சிரிக்கல, அம்மாக்கு படம் ரொம்ப பிடிச்சிருந்துச்சு. "எவ்வளவு அம்சமா இருக்க பாரு"னு விரலால தடவினா. எனக்கு ஆச்சி சொன்னத விட அம்மா சொன்னதுதான் குத்துச்சு. யாரத் தடவறாங்க அம்மா?

வீட்டுக்கு வந்து நிதானமா பாத்தேன். என் தாடைல ஒரு மச்சம் உண்டு, டிசில அங்க அடையாளம்னு எழுதின மச்சம், அது 40 ஷீட்லயும் இல்ல. மூக்கு லேசா சின்னதாகியிருக்கு. அதெல்லாம் கூட போகட்டும். தாரை வார்த்துக் குடுக்கற ஷீட் ஒண்ணு, ரெண்டு பக்கமும் விரிச்சு போட்ட பெரிய படம், கீழ அப்பா கை, மேல என் கை, அதுக்கு மேல தேங்காய், தண்ணி வடியுது. எனக்கும் அப்பாக்கும் ஒரே கலர். படத்துல அப்பா கை அப்பா கையாவே இருக்கு, அதுக்கு மேல யாரோ வேற ஒருத்தியோட கை. மேக்கப்ல தப்பிச்ச கையும் போச்சு.

ஸ்டுடியோவுக்கு நேர்ல போனேன். டிசைனர் தம்பி பாவம், 22, 23 வயசு இருக்கும், சண்டை போட மனசு வரல. "கலர் கரெக்‌ஷன் மட்டும்தான்க்கா பண்ணிருக்கோம், எல்லா பொண்ணுக்கும் பண்றதுதான்"னான். எப்படி பண்ணுவீங்கனு கேட்டா ஆசையா காட்டினான். நம்ம தோல் கலர் எல்லாம் கம்ப்யூட்டருக்கு ஆரஞ்சு கணக்குல வருமாம், லைட்ரூம்னு போட்டோ எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல ஆரஞ்சோட லூமினன்ஸ்னு (வெளிச்ச அளவு) ஒரு கோடு, அத வலது பக்கம் இழுத்தா தோல் வெளுத்துரும். ஆனா மொத்தமா இழுத்தா சுத்தி நிக்கறவங்க எல்லாரும் சேந்து வெளுத்துருவாங்க, பட்டுப்புடவை கலரும் போயிரும், அதனால பொண்ண மட்டும் மாஸ்க் போட்டு தனியா பிரிச்சு இழுக்கணுமாம். 40 ஷீட்ல என்னை மட்டும் தனியா பிரிச்சிருக்கான், ராத்திரி பகலா உக்காந்து, உண்மையிலேயே உழைப்புதான். மாப்பிள்ளைக்கு பண்ணலையானு கேட்டேன், "அவங்களுக்கு எதுக்குக்கா?"

கரெக்‌ஷன்னா தப்பு இருந்தாத்தானே தம்பின்னு கேட்டேன், அவனுக்கு புரியல. ஓனர் வந்தார், மரியாதையாத்தான் பேசினார், "மேடம், இருக்கற மாதிரியே குடுத்தா நாளைக்கு உங்க வீட்லயே வந்து ஏன் பொண்ணு டல்லா இருக்குனு கேப்பாங்க, நான் 20 வருஷமா இதுதான் பாக்கேன்." அவர் சொல்றது பொய் இல்ல. எங்க அம்மாவே கேட்டிருப்பா.

கேமரா மேலயே பழி போட்டார் கொஞ்சம், கருப்பு ஸ்கின் கேமரால சரியா விழாதுனு. இத கேட்டதும் எப்பவோ படிச்சது ஞாபகம் வந்துச்சு. அந்த காலத்துல ஃபிலிம் கழுவற லேப்ல கலர் சரியா வருதானு பாக்க கோடாக் ஒரு கார்டு குடுக்குமாம், அதுல இருக்கறது ஒரு வெள்ளைக்கார பொண்ணு, ஷெர்லி கார்டுனு பேரு. அவ மூஞ்சி சரியா வந்தா எல்லாம் சரினு அர்த்தம். கருப்பா இருக்கறவங்க இருட்டா விழுந்தா அது அவங்க பாடு. பிறகு கோடாக் அத கவனிக்க ஆரம்பிச்சதுக்கு ஒரு காரணம் என்ன தெரியுமா, சாக்லேட் கம்பெனியும் மர ஃபர்னிச்சர் கம்பெனியும் எங்க சரக்கோட ப்ரவுன் சரியா வரலைனு புகார் பண்ணதுதான். மனுஷங்களுக்காக மாத்தல, சாக்லேட்டுக்காக மாத்தினாங்க. அது ஃபிலிம் காலம், இப்ப இருக்கற கேமரால லைட் சரியா வச்சு எக்ஸ்போஷர் சரியா வச்சா கருப்பு தோல் தகதகனு விழும். ஆதாரம் அந்த கேண்டிட் பையன் எடுத்த எங்க அப்பா படமே, அதுல யாரும் ஆரஞ்ச இழுக்கல, அப்பா என்ன அழகா இருக்கார்.

ஆல்பத்துக்கு எத்தனை ஸ்டார்னு எனக்கே குழப்பம். பிரிண்ட் வேலைக்கு 4 குடுப்பேன், ஆனா அது என் கல்யாண ஆல்பம் இல்ல.

புக் பண்ணப் போறவங்க ஒண்ணு பண்ணுங்க, ட்ரையல் அன்னைக்கே ஃபவுண்டேஷன தாடைலயும் கழுத்துலயும் தடவி ஜன்னல் வெளிச்சத்துல வந்து பாருங்க, ட்யூப் லைட்ல பாக்காதீங்க, உங்க ஷேடு அவங்க பெட்டில இல்லைன்னா வாங்கி வைக்கச் சொல்லுங்க இல்ல நீங்களே வாங்கிட்டு போங்க, ஒரு பாட்டில் காசுக்கு பாத்தா 40 ஷீட்லயும் சாம்பலா இருப்பீங்க. லேபிள் இல்லாத டப்பா எதையும் மூஞ்சில போடாதீங்க, யார் குடுத்தாலும் சரி, சொந்த அத்தை குடுத்தாலும் சரி. ஆல்பம் டிசைன் பண்றதுக்கு முன்னாடி "என் கலர மாத்தக்கூடாது, மச்சத்த எடுக்கக்கூடாது"னு வாட்ஸப்ல எழுத்துல அனுப்பிருங்க, வாய்ல சொன்னா நிக்காது. ஒரிஜினல் ஃபைல் எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல கேட்டு வாங்கிருங்க, நான் வாங்கி வச்சதாலதான் இப்ப என் படம்னு என்கிட்ட ஏதோ இருக்கு. வீட்ல அம்மாட்டயும் முன்னாடியே பேசிருங்க, அதுதான் இதுலயே கஷ்டம், நான் இன்னும் பேசல.

இப்போதைய நிலவரம்: மொத்த ஆல்பமும் திரும்ப போட முடியாதுனு சொல்லிட்டாங்க. நாலு ஷீட் மட்டும் ஒரிஜினல் கலர்ல மாத்தி ஒட்டித் தர ஒத்துக்கிட்டாங்க, ஆனா ஷீட்டுக்கு 450 ரூபா கேக்கறாங்க. தப்பு உங்களுது நான் ஏன் குடுக்கணும்னு பேசிட்டு இருக்கேன், ஓனர் 300க்கு வந்திருக்கார். தாரை வார்க்கற ஷீட்டுக்கு மட்டும் முழு காசும் குடுத்துட்டு வந்துட்டேன், அதுல பேரம் பேச வரல. வெள்ளிக்கிழமை தரேன்னு சொல்லிருக்காங்க, வந்ததும் அப்டேட் போடறேன்.